தோல் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் முன்

கேள்வி: 1930களில் விமானிகள் போட்ட மாதிரி ஒரு பழுப்பு நிறத் தோல் ஜாக்கெட்டை அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ள ஆசை. சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளில் விசாரித்தேன். செம்மறி நாப்பா (மென்மையான செம்மறியாட்டுத் தோல்), வெள்ளாட்டுத் தோல், மாட்டுத்தோல் மூன்றையும் காட்டினார்கள். ‘ஆன்டிக் ஃபினிஷ்’ கொடுத்தால் புதிதிலேயே பழசு போல இருக்குமாம், அதற்குத் தனிக் காசு. நண்பரோ ஆவாரம்பட்டையில் பதனிட்டதுதான் அசல் தோல் என்கிறார். வருடத்தில் சில முறை கொடைக்கானல், ஏற்காடு போவேன். மார்கழி இரவுகளில் பைக்கிலும் போட்டுக்கொள்வேன். எதை எடுக்கட்டும்?
— வாசகர், கொளத்தூர்

பதில்: வெள்ளாட்டுத் தோலை எடுங்கள். குரோம் முறையில் (குரோமியம் உப்புகளால்) பதனிட்டதாக, மேற்பரப்பைத் தேய்த்து மழுக்காத ஃபுல் கிரெய்னாக, சுமார் 1 மில்லிமீட்டர் கனமாக இருக்கட்டும். ஃபினிஷ் அனிலைன் அல்லது செமி அனிலைன், இவை என்ன என்று கீழே சொல்கிறேன். ஆன்டிக் ஃபினிஷுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நீங்கள் மனதில் வைத்திருப்பது அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1931இல் ஏற்றுக்கொண்ட ஏ-2 ஜாக்கெட்டாக இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஏ-2 பெரும்பாலும் குதிரைத் தோல். ஆனால் அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஜி-1 வெள்ளாட்டுத் தோலில்தான் வந்தது. 1988இல் ஏ-2வை விமானப்படை திரும்பக் கொண்டுவந்தபோதும் வெள்ளாட்டுத் தோலையே எடுத்தார்கள். அதனால் குதிரைத் தோல் இல்லையே என்ற குறை உங்களுக்கு வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கமிருந்து நல்ல வெள்ளாட்டுத் தோல் சென்னைக்கு வருகிறது. மென்மையாக இருந்தாலும் எளிதில் கிழியாது. மேலே தெரியும் சிறு சிறு புள்ளிச் சுருக்கம் அதன் இயல்பு, அதுவே பழைய களையையும் கொடுத்துவிடும். செம்மறி நாப்பா கையில் பட்டுப்போல இருக்கும், ஆனால் பைக் கண்ணாடியில் மாட்டி இழுத்தால் கிழியும். மாட்டுத்தோல் உறுதியானதுதான். 1.2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நம் ஊரில் தாங்க முடியாத பாரம்.

ஆவாரம்பட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சத்துகளில் பதனிடுவது நம் மண்ணின் பழைய தொழில். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் உலகமெங்கும் போன சரக்கு அது, புவிசார் குறியீடும் பெற்றது. அதன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பெல்ட்டுக்கும் கைப்பைக்கும் அதையே வாங்கச் சொல்வேன். ஜாக்கெட் வேறு விஷயம். தாவர முறைத் தோல் வியர்வையையும் தண்ணீரையும் உறிஞ்சிக் கறை பிடிக்கும். இரும்புச்சத்துள்ள போர் தண்ணீர் பட்ட இடம் கருத்துவிடும். ஈரக்காற்றில் பூஞ்சையும் சீக்கிரம் வரும். குரோம் தோல் ஈரத்தையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும், தளர்வாக வளைந்து உடம்போடு படியும். அதுவும் அசல் தோல்தான். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் கம்பெனியால் வந்தது.

இனி ஃபினிஷ். எல்லோரும் எந்த விலங்கின் தோல் என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், ஏமாறுவது இங்கேதான். அனிலைன் என்றால் சாயம் தோலுக்குள் ஊறியிருக்கும், மேலே கனத்த பூச்சு இருக்காது. துளைகளும் சுருக்கங்களும் தெரியும், போடப் போட நிறம் ஆழமாகும். பிக்மென்ட் ஃபினிஷ் பெயின்ட் அடித்தது போல: தழும்பெல்லாம் மறைந்து ஒரே சீராகப் பளபளக்கும், பத்து வருடம் போட்டாலும் அழகாகப் பழசாகாது, மடிப்புகளில் வெடித்து உரியும். செமி அனிலைன் இரண்டுக்கும் நடுவில். சாயத்தின்மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு இருப்பதால் வியர்வை அதிகம் உள்ளவர்களுக்கு அதுவே பொருத்தம்.

ஆன்டிக் ஃபினிஷை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. அசல் தேய்மானம் முழங்கையிலும் கைமுனையிலும் பாக்கெட் விளிம்பிலும் காலர் மடிப்பிலும் வரும், அதுவும் நீங்கள் கையை மடக்கும் விதத்தில். ஸ்ப்ரே அடித்தும் உப்புத்தாளில் தேய்த்தும் கொடுக்கும் பழமை உங்கள் உடம்பு அசையும் இடத்தில் இருக்காது. தைப்பதற்கு முன்பே தோலின் மேற்பரப்பை அரித்துவிட்டதற்கு நீங்கள் பணமும் கொடுக்கிறீர்கள். சீக்கிரம் பழசாகத் தெரிய வேண்டுமானால் உள்ளே வெளிர் பழுப்பும் மேலே அடர் நிறமுமாகச் சாயமேற்றிய தோலைக் கேளுங்கள். வெட்டிய விளிம்பைப் பார்த்தாலே உள்நிறம் தெரியும். மேல் நிறம் தேயத் தேய அடி நிறம் தானாக வெளிவரும்.

கடையில் கூச்சப்படாமல் சோதித்துப் பாருங்கள். ஒரு துண்டுத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அனிலைன் என்றால் அந்த இடம் கருத்து, காய்ந்ததும் தெளியும். பிக்மென்ட் என்றால் சொட்டு முத்தாக நிற்கும். நனைத்துப் பிழிந்த வெள்ளைக் கைக்குட்டையால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கினால் சென்னை வியர்வையில் உங்கள் சட்டைக் காலரும் அதே நிறமாகும். மேற்பக்கம் உள்ளே வரும்படி மடித்தால் மெல்லிய கோடுகள்தான் விழ வேண்டும். தொளதொளவென்று பெரிய மடிப்பாகப் புடைத்தால் அது வயிற்றுப் பகுதித் தோல், முன்பக்கத்துக்கு ஆகாது. ஒரு ஜாக்கெட்டுக்குப் பல ஆட்டுத்தோல்கள் பிடிக்கும். எல்லாம் ஒரே லாட்டில் வந்தவையா என்று, வெட்டும் முன் பகல் வெளிச்சத்தில் பரப்பிக் காட்டச் சொல்லுங்கள். தோலில் ஊசி போட்ட துளை மறையாது, அதனால் முதலில் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். லைனிங் பருத்தியாகவும் ஜிப் பித்தளையாகவும் இருக்கட்டும். நூல் மட்டும் பருத்தி வேண்டாம், வியர்வையில் இற்றுப்போகும்; பாலியஸ்டர் நூல் கேளுங்கள்.

பைக் பற்றி ஒரு வார்த்தை. இது குளிர்காற்றைத் தடுக்கும், விழுந்தால் காக்காது. வேகமாக நெடுந்தூரம் போவதானால் தோள், முழங்கைக் காப்பு வைத்த ரைடிங் ஜாக்கெட் தனியாக வேண்டும்.

கேள்வி: அனிலைன் என்று சொல்லி முன்பணம் வாங்கினார்கள். வந்தது வேறு நிறம், பளபளவென்று பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. அளவு கொடுத்துத் தைத்ததைத் திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள்.
— வாசகி, வேளச்சேரி

பதில்: ஒப்புக்கொண்டபடி தைத்துக் கொடுத்துவிட்டு, நீங்கள் மனம் மாறித் திருப்பினால் அவர்கள் மறுக்கலாம். இங்கே ஒப்புக்கொண்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று. அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி குறைபாடு. பில், முன்பண ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, காட்டிய சாம்பிளின் படம் எல்லாவற்றையும் சேர்த்து, திருத்திக் கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இனி ஆர்டர் கொடுப்பவர்கள், தோலின் வகை, கனம், ஃபினிஷ், நிறம், லைனிங், கொடுக்கும் தேதி எல்லாவற்றையும் ஆர்டர் தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தோலில் ஒரு சின்னத் துண்டை வெட்டித் தாளோடு பின் அடித்து, கடைக்காரரின் கையெழுத்தோடு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வாதாட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கேள்வி: மழைக்காலத்தில் பீரோவில் இருந்த தோல் ஜாக்கெட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: கூடவே கூடாது, கறைதான் மிஞ்சும். வெளியே எடுத்துப் போய் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள், வெயில் வேண்டாம். பாலிதீன் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பருத்தித் துணி உறை போடுங்கள். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சையைத் தடுக்காது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து ஃபேன் காற்றில் மாட்டிவையுங்கள்.