பிக்கரல் மீன் சீசன் திறக்க இன்னும் மூண்டு கிழமை கிடக்கு, அவசரப்படாதேயும்

தம்பி, கனடாவுக்கு வந்து ஏழு மாசம், ஐஸும் உருகிட்டுது, இரணைமடுவில தூண்டில் போட்ட கை சும்மா இருக்குதில்லை, ஸ்காபரோவில இருந்து எங்க போறது, லைசென்ஸ் கட்டாயமோ எண்டு கேட்டிருந்தீர். கட்டாயம். 18 முதல் 64 வயசுக்குள்ள எண்டா முதல்ல அவுட்டோர்ஸ் காட் எண்ட மாகாண அட்டையை எடும், 8.57 டொலர், மூண்டு வருசம் ஓடும். அதுக்கு மேல வருச லைசென்ஸ், கூட மீன் வைச்சிருக்கிற ஸ்போர்ட் எண்டா 26.57, குறைய வைச்சிருக்கிற கொன்சவேஷன் எண்டா 15.07, வரி வேறை. ஒன்ராறியோவில தொடர்ந்து ஆறு மாசம் இருந்திட்டீர், அதால உள்ளூர் ஆளின்ரை விலைதான்.

லைசென்ஸ் கிடைச்ச உடன தடியைத் தூக்கிக்கொண்டு ஓடாதேயும். இங்க ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு சீசன், அதுவும் இடத்துக்கு இடம் மாறும். நான் போறது ரைஸ் லேக், பியூட்லி பக்கம், காரில ஒரு மணித்தியாலம் சொச்சம், அது மீன்பிடிச் சட்டத்தில சோன் 17, அதாவது 17ஆம் வலயம். அங்க பிக்கரல் மே ரெண்டாம் சனிதான் திறக்கும், பாஸ் மீன் ஜூன் மூண்டாம் சனி. அதுக்கு முந்தி ஆண் பாஸ்தான் முட்டைக் கூட்டுக்குக் காவல் நிக்கிறது, அதைத் தூக்கினா சன்ஃபிஷ் எண்ட சின்ன மீன் வந்து முட்டையெல்லாத்தையும் முடிச்சிடும், அதால பிடிச்சிட்டு விடுறன் எண்டு சாட்டுச் சொல்லிக்கூட அதுக்குத் தூண்டில் போடேலாது.

எனக்கு இது பட்டுத்தான் தெரியும். வந்த முதல் மே, சன்ஃபிஷுக்குப் போட்ட புழுவில ஒரு பாஸ் ஏறிட்டுது, எங்கடை விரால் மாதிரியே இழுவை, தண்ணிக்கு மேல பாய்ஞ்சு தலையை உதறுது, விட மனம் வராம ஷொப்பிங் பையில போட்டுக் கொண்டு வாறன், பார்க்கிங்கில ஒஃபிசர் நிக்கிறார். பைக்குள்ள வால் டப்பு டப்பெண்டு அடிக்குது, நான் என்னத்தைச் சொல்ல. ஃபைன் எவ்வளவெண்டு மனிசிக்கு இண்டைவரைக்கும் சரியான கணக்குச் சொல்லேல்லை.

இப்ப பேஸ்மென்ற்றுக்கு வந்தீரெண்டா சிரிப்பீர். ரீல் எல்லாம் கழட்டி எண்ணெய் விட்டு, லைன் புதுசாச் சுத்தி, கால் அவுன்ஸ் ஜிக்கை, அதுதான் பாரத்தலை வைச்ச தூண்டிலை, நிறம் நிறமா அடுக்கி வைச்சிருக்கிறன், பெப்ரவரியில தொடங்கின வேலை. வெள்ளி இரவு 12 அடிச்சாச் சனிதானே, அந்த நேரமே கரையில ஆக்கள் நிப்பினம். பிக்கரலின்ரை கண் லைற் பட்டா மாட்டுக் கண் மாதிரி மினுங்கும், மங்கல் வெளிச்சத்தில நல்லாத் தெரியும் அதுக்கு, அதால பொழுது பட்டாப் பிறகுதான் இரைக்கு வரும். புழுவைக் கொழுவி அடியோட அடியா மெல்ல இழும். கொத்தினதே விளங்காது, ஈரத்துணி கொழுவுப்பட்ட மாதிரி ஒரு பாரம், அவ்வளவுதான். 35 சென்ரிமீற்றருக்கும் 50க்கும் இடையில இருந்தா மட்டும் வைச்சிருக்கலாம், ஸ்போர்ட்டுக்கு நாலு, கொன்சவேஷனுக்கு ஒண்டு. பெரிசைத் திருப்பி விடேக்க நெஞ்சு வலிக்கும், விடத்தான் வேணும். ஊரில மாதிரி நாலு தடியைக் குத்திப்போட்டு இருக்கேலாது, கரையில ஆளுக்கு ஒண்டுதான். போர்ட் பெரி கிட்டவெண்டு ஸ்கூகொக் லேக்குக்குப் போயிடாதேயும், அங்க பிக்கரலை 2016இலயே மூடிப்போட்டினம்.

வீட்டில குழந்தைப்பிள்ளையள் எண்டா அந்த லேக் மீனைக் கிழமைக்கு எத்தினை தரம் சாப்பிடலாமெண்டு மாகாண அரசாங்கத்தின்ரை மீன் கையேட்டில பாரும், பெரிய மீனில மேர்க்குரி, அதுதான் பாதரசம், கூடுதலா இருக்கும்.

இன்னொண்டு, பிக்கரல் திறக்கிற அந்தச் சனி அனேகமா அன்னையர் தினத்தோடதான் வரும், அந்த ரெண்டு நாளும் லைசென்ஸ் இல்லாமலும் பிடிக்கலாம், ஐடி கையில இருக்கவேணும், கொன்சவேஷன் கணக்குத்தான். அதைச் சொல்லித்தான் ஒவ்வொரு வருசமும் மனிசியையும் கூட்டிக்கொண்டு போறனான், அவ காருக்குள்ள ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருப்பா. குளிர் சட்டை ரெண்டு போட்டுக்கொண்டு வாரும், மே எண்டு நம்பாதேயும்.