ஞாயிறு இரவு போக்கர்: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். இரண்டு வருடமாக நண்பர்களோடு வீட்டில் போக்கர் ஆடுகிறேன், பெரும்பாலும் நான்தான் வெல்வேன். இப்போது ஒன்லைனில் ஞாயிறு இரவு நடக்கிற டோர்னமென்டுகளில் இறங்கலாம் என்று யோசனை. நுழைவுக் கட்டணம் 22 டொலர். இதற்கென்று 300 டொலர் ஒதுக்கியிருக்கிறேன். எந்தக் கையை (கைக்கு வரும் சீட்டை) ஆடுவது, எதை விடுவது என்ற அட்டவணையெல்லாம் மனப்பாடம். நீங்கள் ஒரு காலத்தில் நிறைய ஆடியதாக எழுதியிருந்தீர்கள். வேறு என்ன ஆயத்தம் செய்யவேண்டும்? திங்கள் காலை ஆறு மணிக்கு எனக்கு வேலை.

(பெயர் போடவேண்டாம். மனைவி உங்கள் தளத்தை வாசிப்பவர்.)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான் முதலில் பார்த்தேன். அவரிடம் சொல்லிவிடுங்கள். குடும்ப அறிவுரை எல்லாம் இல்லை, ஆட்டக் காரணம்தான்: வீட்டுக்குத் தெரியாமல் ஆடுகிறவன் விட்ட காசை சத்தமில்லாமல் அன்றைக்கே எடுத்துவிடப் பார்ப்பான், அந்த அவசரத்தில் மடக்கி விலகவேண்டிய கையோடெல்லாம் உள்ளே போவான்.

அடுத்து அந்த 300 டாலர். அது 13 ஆட்டம், அவ்வளவுதான். 22 டாலரில் பொதுவாக 20 பரிசுக்குப் போகும், 2 தளத்துக்கு. 500 பேர் ஆடினால் பரிசுத்தொகை 10,000 டாலர். முதல் 75 பேருக்கு ஏதாவது கிடைக்கும் என்று வையுங்கள்; கடைசியில் இருப்பவருக்கு 40 டாலர் வந்தால் பெரிது, ஏறத்தாழ பாதித் தொகையைக் கடைசி மேஜையில் இருக்கும் ஒன்பது பேர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்தக் கணக்கில் ஒரு சராசரி ஆட்டக்காரர் 13 ஆட்டத்திலும் ஒரு காசு பார்க்காமல் போவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நன்றாக ஆடுகிறவருக்கும் பெரிதாக மாறாது, ஏனென்றால் எதிராளியைவிட நல்ல சீட்டோடு, 80 சதவீத சாதகத்தோடு நீங்கள் நான்கு முறை ஆல் இன் போனாலும், அதாவது இருப்பதையெல்லாம் வைத்தாலும், நான்கையும் ஜெயிக்க 41 சதவீதம்தான். பழைய ஆட்டக்காரர்கள் நூறு நுழைவுக்காவது காசு வைத்துக்கொள் என்பது இதனால்தான். 300 டாலர் இருக்கிறதா, 3 டாலர் ஆட்டத்துக்குப் போங்கள். கௌரவக் குறைச்சலாக இருக்கும், பரவாயில்லை.

வீட்டில் ஜெயிக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அங்கே பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம், ஏறுவதில்லை. டோர்னமென்டில் 100 பெரிய பிளைண்டுக்கு ஈடான சிப்ஸோடு (பந்தய வில்லைகளோடு) ஆரம்பிப்பீர்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் ஏறும், மூன்றாவது மணி நேரத்தில் பெரும்பாலான ஆட்கள் 25, 30 பிளைண்டில் நிற்பார்கள். பத்துக்கு வந்துவிட்டால் உங்கள் அழகான அட்டவணையில் பாதி உதவாது, மிச்சமிருக்கும் கேள்வி ஆல் இன்னா, மடக்குவதா என்பதுதான். அந்த நேரத்தில் நடுவில் கிடக்கும் சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட், அவற்றுக்கு மேல் மேஜையில் கட்டாயமாக வைக்கும் ஆன்டி மூன்றும் சேர்ந்து இரண்டரைப் பிளைண்ட். யாரும் எதிர்க்காமல் அதை எடுத்தாலே உங்கள் சிப்ஸ் கால் பங்கு கூடிவிடுகிறது. இந்தப் பத்துப் பிளைண்ட் ஆட்டத்தைத் தனியாகப் பழகுங்கள். பயிற்சி மென்பொருள்கள் இருக்கின்றன, ஆட்டம் இல்லாத நாளில் பாருங்கள். ஆடும்போது திறந்து வைத்தால் தளங்கள் கணக்கை முடக்கிவிடும்.

பபிளை, அதாவது பரிசுக்குள் போக இன்னும் ஓரிருவர் வெளியேறவேண்டிய நேரத்தை, வேறு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், அதனால் என் கதை. பரிசுக்கு 75 பேர், மிச்சம் 77. இரவு இரண்டே முக்கால். என்னிடம் 11 பிளைண்ட். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு பிளைண்டோடு ஊசலாடிக்கொண்டிருக்கிறார்கள், எல்லா மேஜை நிலவரமும் தெரியும் லாபிப் பக்கத்தைத் திறந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பட்டனில் (சீட்டுப் போடுபவரின் இருக்கையில்) இருந்தவர், என்னைவிட மூன்று மடங்கு சிப்ஸ், ஆல் இன். என் கையில் ஏஸ், ஜாக். தூக்கக் கலக்கத்தில் கால் கொடுத்தேன், அதாவது அவர் பந்தயத்துக்கு ஈடு வைத்தேன். அவரிடம் இரண்டு ஒன்பது. சிப்ஸ் கணக்கில் சரிபாதிக்குக் கொஞ்சம் கீழே, பெரிய தப்பில்லை. பணக் கணக்கில் மடத்தனம், ஏனென்றால் சும்மா இருந்தாலே பரிசுக்குள் போயிருப்பேன். பணத்துக்குப் பதில் பெரிய ஆட்டத்துக்கு டிக்கெட் தரும் சேட்டிலைட்டில் இது இன்னும் கொடூரம்: 11 பேர் மிச்சம், 10 பேருக்கு டிக்கெட் என்றால் சில சமயம் இரண்டு ஏஸையே மடக்கவேண்டி வரும். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் சேட்டிலைட் வழியாக 10,000 டாலர் கட்டணமுள்ள உலகப் போக்கர் தொடருக்குள் நுழைந்து, 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் ஜெயித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒரு கதையை நம்பித்தான் என் தலைமுறையே இதில் விழுந்தது.

என் கதையில் உங்களுக்கானது அந்த இரண்டே முக்கால். ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற ஆள் ஞாயிறு இரவு ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சனி மதியம் ஆடுங்கள், கூட்டம் குறைவு, பரிசும் குறைவு, ஆனால் கடைசி மேஜைக்கு வரும்போது கண் திறந்திருக்கும். மறுநுழைவு (தோற்றபின் மறுபடி காசு கட்டி நுழைவது) எத்தனை என்பதை உட்காரும் முன்பே காகிதத்தில் எழுதிவிடுங்கள். என்னைக் கேட்டால் ஒன்று, அல்லது பூஜ்யம். மணிக்கொரு முறை வரும் ஐந்து நிமிட இடைவேளையில் எழுந்து நடங்கள், போன் பார்க்காதீர்கள்.

உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 2022 ஏப்ரலில் இருந்து உரிமம் பெற்ற தளங்கள் இருக்கின்றன, 19 வயது நிறைந்திருந்தால் போதும். அங்கேயே ஆடுங்கள். இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடை செய்துவிட்டது. அதற்கு முன்பே இங்கே நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆடக் கூடாது என்று மாநில விதி வந்திருந்தது, நாங்கள் திட்டினோம். இப்போது யோசித்தால் என் இரண்டே முக்கால் மணி ஆட்டம் அந்த விதிக்குள்தான் வருகிறது. எந்த ஆப், எந்த வழி என்று எனக்கு எழுதாதீர்கள், பதில் போட மாட்டேன்.

நீங்கள் ஒரு மாதம் 3 டாலர் ஆட்டம் ஆடிவிட்டு, வெளியேறிய கைகளை மட்டும் எழுதி அனுப்புங்கள். சீட்டு, பிளைண்ட், உங்கள் சிப்ஸ், எதிராளியின் சிப்ஸ், எத்தனை பேர் மிச்சம், எல்லாம் வேண்டும். கடைசிச் சீட்டில் அவனுக்கு எப்படி விழுந்தது என்ற புலம்பல் மட்டும் வேண்டாம், அது என்னிடமே ஒரு மூட்டை இருக்கிறது.