போனில் விற்கும் காதை வாங்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஏழு மாதம் முன்பு தீப்பட்டு வலது காதின் மேல்பாதி சுருங்கிவிட்டது. டாக்டர் பொறுக்கச் சொல்கிறார். 'செயற்கைக் காது, ஒரே ஆபரேஷன்' என்று ஒருவர் தினமும் போன் செய்கிறார். தாமதித்தால் வாய்ப்புப் போய்விடுமா?

பதில்: போகாது. முதலில் அந்த போனை எடுப்பதை நிறுத்துங்கள்.

தழும்பு சிவந்து தடித்திருக்கும்வரை அதன் இழுப்பு ஓயாது. அடங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் கத்தி வைத்தால் புதுக் காதையும் அது சுருட்டிவிடும். தழும்பு அடங்கிய பிறகு விலாவிலிருந்து குருத்தெலும்பை எடுத்துக் காதாகச் செதுக்கி வைப்போம். அதைப் போர்த்த நல்ல தோல் கிடைக்காவிட்டால், நெற்றிப்பொட்டுப் பக்கம் தோலுக்கு அடியில் இருக்கும் சவ்வை ரத்த ஓட்டத்தோடு திருப்பி மூடி, மேலே தோல் ஒட்டுவோம். இது ஒரே ஆபரேஷனில் முடிகிற வேலை அல்ல.

போன் செய்யும் அந்த புரோக்கர் காட்டும் படங்களில் பெரும்பாலும் பிறவியிலேயே காது வளராத குழந்தைகள்தான் இருப்பார்கள். அவர்களுடைய தோல் வேகாத தோல். 'வெந்த தோலில் செய்த காது, ஒரு வருடம் கழித்து எடுத்த படம் காட்டுங்கள்' என்று கேளுங்கள், பேச்சு மாறும். அவர் விற்பது தோலுக்கு அடியில் வைக்கும் காது வடிவ பிளாஸ்டிக் சட்டமாக இருந்தால், தழும்புத் தோலைத் துளைத்துக்கொண்டு அது வெளியே வரலாம். சீழ் பிடித்தால் எடுத்தே ஆகவேண்டும். அதை மூடப் பயன்படுத்திய சவ்வும் அத்தோடு வீண், அடுத்த டாக்டருக்கு மிச்சம் அதிகம் இருக்காது.

பொறுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: காதுத் துவாரம். இன்றே டார்ச் அடித்து இரண்டு காதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலது துவாரம் சிறுத்திருந்தாலோ, கசிந்தாலோ, அந்தப் பக்கம் கூப்பிட்டால் அவள் திரும்பாவிட்டாலோ நாள் கடத்தாதீர்கள். ஆரம்பத்திலேயே அளவெடுத்து அச்சு செய்து துவாரத்துக்குள் மாதக்கணக்கில் மாட்டிவைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முழுக்க மூடிவிட்டால் உள்ளே அழுக்கு தேங்கும், காது கேட்பது மங்கும், அறுத்துத் திறந்தாலும் மறுபடி மூடப் பார்க்கும். தழும்பைப் பார்ப்பவர் 'துவாரம் காது மூக்கு தொண்டைப் பிரிவு' என்பார். அவர்கள் 'தழும்பு எங்களுடையதல்ல' என்பார்கள். சீட்டு இரண்டு அறைக்கும் நடுவே அலையும்போது துவாரம் காத்திருக்காது. இருவரையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்லிப் பிடிவாதம் பிடியுங்கள்.

காப்பீட்டுக்காரர்கள் இதை 'அழகு சிகிச்சை' என்று தள்ளப் பார்ப்பார்கள். மேல்காது இல்லாமல் மூக்குக்கண்ணாடி எதில் நிற்கும் என்று அந்த மேஜையில் யாரும் யோசிப்பதில்லை. 'தீக்காயத்தால் ஏற்பட்ட குறைபாட்டின் சீரமைப்பு' என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள்.