சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள ஆசை. கையில் இருப்பது பழைய லேப்டாப். எந்த சாஃப்ட்வேரில் தொடங்கலாம்? பணம் கட்டிப் படிக்க வேண்டுமா?

பதில்: எந்த சாஃப்ட்வேர் என்று தேடுவதிலேயே பாதிப் பேர் ஆறு மாதத்தை ஓட்டிவிடுகிறார்கள். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டுமே இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஏதாவது ஒன்றை இறக்கிக்கொண்டு உட்காருங்கள். டாவின்சி ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் அதற்கு மூச்சு வாங்கும். டைம்லைன் (ஷாட்களை வரிசையாக அடுக்கும் பட்டை) திக்கினால் பிராக்ஸி போட்டுக்கொள்ளுங்கள், அதாவது வெட்டுவது சின்னப் பிரதியில், கடைசியில் ரெண்டர் ஆவது, அதாவது முழு வீடியோவாக வெளியே வருவது, ஒரிஜினலில். அப்புறம், முதல் மாதம் டிரான்சிஷன் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது போடும் எஃபெக்ட்) பக்கம் போகவே போகாதீர்கள். 10 நிமிடப் பேச்சு ஒன்றை எடுத்து, பொருள் கெடாமல் 2 நிமிடமாக வெட்டிப் பாருங்கள். அடுத்த ஷாட்டின் சத்தம் படத்துக்கு அரை நொடி முன்னால் வந்தால் (ஜே-கட் என்பது இதைத்தான்) வெட்டு ஏன் உறுத்தாமல் போகிறது என்பது அப்போது பிடிபடும். பணம் கட்டுவதைப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: யூடியூபே தானாக எழுத்து போட்டுவிடுகிறதே, நான் வேறு தனியாகப் போடணுமா?

பதில்: போடணும். தானாக எழுத்து போடும் இந்தத் தானியங்கி கேப்ஷன் ஆங்கிலத்துக்கு 2009-லேயே வந்துவிட்டது, இப்போது நன்றாகத் தேறியும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் பெயர், எண், தமிழும் இங்கிலீஷும் கலந்து வேகமாகப் பேசும் இடம் என்று எங்கே தப்பு வரக் கூடாதோ அங்கேதான் அது தடுக்கி விழும். நீங்கள் "தொடக் கூடாது" என்றது "தொடக் கூடும்" என்று வந்துவிட்டால், காது கேளாதவர் அதை எதை வைத்துச் சரிபார்ப்பார்?

அதனால் தானாக வந்ததை முதல் பிரதியாக வைத்துக்கொண்டு திருத்துங்கள். கேப்ஷனைச் சேமிக்கும் எஸ்ஆர்டி (.srt) கோப்பு வெறும் டெக்ஸ்ட்தான்: வரிசை எண், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதன்கீழ் வசனம், ஒரு காலி வரி, அவ்வளவுதான், நோட்பேடிலேயே எழுதலாம். சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 இல்லாவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடலாம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்ததும் செல்லாது, யூனிகோடுதான். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பேச்சு மட்டும் போதாது, [கதவு தட்டும் சத்தம்] என்பது போலத் தேவையான ஓசையும், திரையில் தெரியாத ஆள் பேசினால் அது யார் என்பதும் வர வேண்டும், சப்டைட்டிலுக்கும் கேப்ஷனுக்கும் வித்தியாசமே அதுதான். படத்தோடு படமாக ஒட்டிவிடாமல் தனிக் கோப்பாகக் கொடுத்தால் வேண்டியவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வார், வேண்டாதவர் அணைத்துக்கொள்வார். ஒவ்வொரு சொல்லாகத் துள்ளித் துள்ளி வருகிற அந்த ஸ்டைல் இருக்கிறதே, மன்னிக்கணும், எனக்கே படிக்க முடிவதில்லை.

கேள்வி: பார்வையற்ற நண்பர் ஒருவர் என் செய்முறை வீடியோவைக் கேட்டுவிட்டு ஒன்றும் புரியவில்லை என்றார். என்ன செய்ய?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு அதை நீங்களே கேளுங்கள். "இதை இப்படிப் பிடித்து, அதற்குள்ளே விட்டு" என்று எத்தனை "இது" வருகிறது என எண்ணினாலே போதும். "நீளமான ஒயரை இடது பக்கத் துளையில் செருகுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இசையை ஓடவிட்டுத் திரையில் எழுத்தை மட்டும் காட்டினால் அவருக்கு அங்கே பாட்டுதான் மிச்சம். ஏற்கெனவே எடுத்து முடித்த வீடியோ என்றால் பேச்சின் இடைவெளிகளில் விவரிப்புக் குரலைச் சேர்க்கலாம், ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்கிறார்களே, அது. ஆனால் மூச்சு விடும் இடத்தையெல்லாம் வெட்டித் தள்ளியிருந்தால் குரலை எங்கே வைப்பது? பின்னணி இசையும் அடங்கி இருக்கட்டும். இணையத்தில் வருவதை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழி சொல்லும் டபிள்யூசிஏஜி (WCAG) என்ற உலக வழிகாட்டி, அதன் மிகக் கண்டிப்பான நிலையில், குரலைவிட 20 டெசிபல் கீழே வைக்கச் சொல்கிறது.

கேள்வி: பாட்டின் பீட்டுக்கு ஏற்ற மாதிரி ஃபிளாஷ் எஃபெக்ட் போடலாமா?

பதில்: ஒரு நொடிக்கு 3 தடவைக்கு மேல் வேண்டாம், இதுவும் அதே வழிகாட்டியின் கணக்குதான். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பளிச்சிட்டதில் 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், வலிப்பு மாதிரியான கோளாறுகளோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. ஆரம்பத்தில் எச்சரிக்கை போட்டால் போதாதா என்பீர்கள். விரலால் தள்ளத் தள்ள அடுத்தடுத்து ஓடிவரும் வீடியோவில் அதைப் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஷாட்டை பீட்டில் வெட்டுங்கள், அந்தத் துள்ளல் அதிலேயே வந்துவிடும்.