மாமனாரின் டிடி 214-இல் பர்ப்பிள் ஹார்ட் இல்லை. இப்போது கேட்டால் கிடைக்குமா?

நியூ ஜெர்சியில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் அமெரிக்கர், மாமனாருக்கு வயது 78. 1967-இல் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டு, 1968 மார்ச்சில் இருந்து 1969 மார்ச் வரை வியட்நாமில் 25-ஆவது காலாட்படை டிவிஷனில் இருந்தவர். 1968 ஆகஸ்டில் தாய் நின் பக்கம் மோர்ட்டார் குண்டின் சிதறல் இடது தொடையில் பாய்ந்திருக்கிறது, கூ சீ முகாம் மருத்துவமனையில் சில வாரம் படுத்திருந்திருக்கிறார். 1969-இலேயே விடுவிக்கப்பட்டபோது கையில் கொடுத்த டிடி 214 சான்றிதழில் இரண்டே இரண்டு பதக்கம்தான்: தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், வியட்நாம் சேவைப் பதக்கம். காயம் பட்டவருக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் இல்லை. பெயரின் நடு எழுத்துகூடத் தப்பு. "எல்லாம் தீயில் எரிந்துவிட்டது, விட்டுவிடுங்கள்" என்று யாரோ சொன்னதால் மாமனாரும் இத்தனை வருஷம் விட்டுவிட்டார். மருமகள் நான் விண்ணப்பிக்கலாமா, காலம் கடந்துவிட்டதா என்று கேட்கிறார்.

காலம் கடக்கவில்லை. முதலில் அந்தத் தீ விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டே முயற்சியைக் கைவிட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1973 ஜூலை 12-ஆம் தேதி செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது உண்மை, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் போனதும் உண்மை. ஆனால் தரைப்படையைப் பொறுத்தவரை எரிந்தவை 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகள். விமானப்படையில் 1964 தொடக்கம் வரை, அதிலும் ஆங்கில அகரவரிசையில் ஹப்பர்ட் (Hubbard) என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களுடையவை. உங்கள் மாமனார் 1969-இல் வெளியே வந்தவர், அவர் கோப்புக்கும் அந்தத் தீக்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் முதல் வேலை, எதையும் திருத்தச் சொல்லிக் கேட்காமல் முழுக் கோப்பையும் வரவழைப்பது. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கையில் இருக்கும் ஒற்றைத்தாளை இணைத்து நேராகத் தரைப்படை ஆவணத் திருத்த வாரியத்துக்கு எழுதுகிறார்கள், அது "போதிய ஆதாரம் இல்லை" என்று திரும்பி வருகிறது, அவர்களுக்குச் சாதகமான காகிதமோ அவர்கள் கோப்பிலேயே கிடக்கிறது. எஸ்எஃப் 180 என்ற படிவத்தில் அல்லது ஆவண மையத்தின் இணையதளம் வழியாகக் கேட்கலாம், கட்டணம் கிடையாது. "டிடி 214 நகல் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அந்த ஒரு தாள்தான் வரும். "முழுப் பணியாளர் கோப்பும் மருத்துவக் கோப்பும், எல்லாப் பக்கங்களும்" என்று எழுதுங்கள்.

கையெழுத்து மாமனாருடையதாக இருக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது ஆவணம் அவருடையது; நீங்கள் படிவத்தை நிரப்பித் தரலாம், தபாலில் போடலாம், ஆனால் மருமகள் கையெழுத்தில் கோப்பு வராது. அவருக்குப் பிறகு என்றாலும் மறுமணம் செய்யாத மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் என்றுதான் நெருங்கிய உறவைக் கணக்கிடுவார்கள். உங்கள் கணவர் வருவார், நீங்கள் வரமாட்டீர்கள். இன்னொன்று, தரைப்படை 1969 ஜூலை 1-இல்தான் பழைய சேவை எண்ணை விட்டுவிட்டு சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு மாறியது. மாமனார் 1967-இல் சேர்ந்தவர் என்பதால் அவருக்கு 'யுஎஸ்' என்று தொடங்கும் பழைய எண் இருந்திருக்கும். படிவத்தில் இரண்டையும் எழுதுங்கள். பெயரில் தப்பு இருப்பதால் சரியான எழுத்தையும் தப்பான எழுத்தையும் சேர்த்தே குறிப்பிடுங்கள், தேடுபவருக்கு அது பெரிய உதவி.

கோப்பு வந்ததும் டிஏ 20 என்ற அட்டையைத் தேடுங்கள். பெரிய மஞ்சளான தாள், கட்டம் கட்டமாக, பாதி தட்டச்சு, பாதி யாரோ ஒரு எழுத்தரின் பென்சில் கிறுக்கல். 38-ஆவது கட்டத்தில் எந்தத் தேதியில் எந்தக் கம்பெனியில் இருந்தார், எப்போது மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார் என்று வரிசையாக இருக்கும், 40-இல் காயங்கள், 41-இல் பதக்கங்கள். 40-ஆவது கட்டத்தில் ஒரு வரி இருந்தாலே உங்கள் வேலை பாதி முடிந்தது. அது காலியாக இருந்தாலும் 38-ஐ விடாதீர்கள். ஆகஸ்டில் மருத்துவமனைக்கு நோயாளியாக மாற்றியதாக ஒரு வரி இருந்தால் அதுவே பெரிய பிடி.

அடுத்து, கேட்பதை இரண்டாகப் பிரியுங்கள். சிலவற்றுக்கு வாரியமே தேவையில்லை. பெயரில் தட்டச்சுப் பிழை, விட்டுப்போன படைப்பிரிவு விருதுகள், போர்க்கால நட்சத்திரங்கள், இவற்றை ராணுவ நிர்வாகமே சரிபார்த்து டிடி 215 என்ற திருத்தச் சான்றிதழ் தரும். பழைய 214-ஐப் புதிதாக அடித்துத் தரமாட்டார்கள், 215-ஐ அதோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் மாமனாருக்கு இந்தப் பட்டியலில் என்னென்ன வரும் என்று நீங்கள் கொடுத்த தேதிகளை வைத்துப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருந்ததால் வியட்நாம் குடியரசு, அதாவது அன்றைய தென் வியட்நாம், வழங்கிய போர்ப் பதக்கம் வர வேண்டும், அது விட்டுப்போயிருக்கிறது. வியட்நாம் சேவைப் பதக்கத்தின் மேல் ஒரு போர்க்கட்டத்துக்கு ஒரு வெண்கல நட்சத்திரம். 1968 மார்ச்சில் போனார் என்றால் அந்த வருஷத்து டெட் (வியட்நாம் புத்தாண்டு) எதிர்த்தாக்குதலின் கடைசி நாள்கள், பிறகு நான்காம், ஐந்தாம், ஆறாம் கட்டங்கள், 1969 பிப்ரவரி 23-இல் தொடங்கிய டெட் 69, ஆக ஐந்து. ஐந்து வெண்கலத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளி நட்சத்திரம் வைப்பார்கள். அப்புறம் தென் வியட்நாம் அரசு கொடுத்த கேலன்ட்ரி கிராஸ் படைப்பிரிவு விருது. இதை அங்கே இருந்த அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகளுக்கு மொத்தமாக அறிவித்த பொது ஆணை எண் 8 வந்ததே 1974-இல். 1969-இல் அடித்த 214-இல் அது எப்படி இருக்கும்? வியட்நாமில் இருந்துவிட்டு அந்த ஆணைக்கு முன்பே வெளியே வந்த எத்தனையோ பேருக்கு இது விட்டுப்போயிருக்கிறது. காலாட்படை வீரராகவே சண்டையில் இருந்தார் என்றால் காம்பாட் இன்ஃபன்ட்ரி பேட்ஜ் ஆணை கோப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது பர்ப்பிள் ஹார்ட். இதற்கு மூன்று விஷயம் காட்ட வேண்டும்: காயம் எதிரியின் தாக்குதலால் பட்டது, அதற்கு மருத்துவர் சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை ஆவணத்தில் பதிவானது. தழும்பைப் படம் எடுத்து அனுப்பினால் காயம் இருந்தது என்று மட்டும்தான் நிரூபணமாகும், எதிரியால் என்பது ஆகாது. முகாமில் லாரி கவிழ்ந்தும் காயம் படும் இல்லையா, அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

இதில் நான் திரும்பத் திரும்பக் கண்டது, சம்பவம் நடந்த நாளுக்கு எவ்வளவு பக்கத்தில் எழுதப்பட்டதோ அந்தக் காகிதத்துக்கு அவ்வளவு பலம் என்பதுதான். 1968 ஆகஸ்டில் ஒரு எழுத்தர் எழுதிய அரை வரி, இன்று எழுதும் பத்துப் பக்கத்தை விடப் பெரிது. கம்பெனியின் தினசரி வருகைக் குறிப்பு, அதாவது காலை அறிக்கை, அந்த வாரத்துக்கு வேண்டும் என்று செயின்ட் லூயிஸில் கேளுங்கள். கம்பெனி, பட்டாலியன், தேதி மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். சண்டை நடந்ததா என்பதற்குப் பட்டாலியனின் அன்றாடப் பதிவேடு மேரிலாந்து காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். உள்நோயாளிக் குறிப்புகள் வீரரின் பெயரில் கோக்கப்படுவதில்லை, மருத்துவமனையின் பெயரிலும் ஆண்டிலும் கோக்கப்படுபவை, எனவே தனியாகக் கேட்க வேண்டும். கூ சீயில் அப்போது இருந்தது 12-ஆவது எவாக்குவேஷன் மருத்துவமனை. பர்ப்பிள் ஹார்ட் ஆணையைப் பல நேரம் மருத்துவமனையே பிறப்பித்திருக்கிறது, டிவிஷன் ஆணைகளில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். மாமனார் எப்போதாவது முன்னாள் வீரர் நலத்துறையில் ஊனத் தொகைக்கு விண்ணப்பித்திருந்தால் மருத்துவக் கோப்பு அங்கே போயிருக்கலாம், அங்கும் கேளுங்கள். விடுவிக்கும்போது செய்த உடல் பரிசோதனைத் தாளில் தழும்பு குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

வீட்டிலும் தேடுங்கள். மகன் காயப்பட்டால் குடும்பத்துக்குத் தந்தி வரும், அந்தத் தந்தியைத் தூக்கிப் போட்ட அம்மாக்கள் குறைவு. கடிதங்களின் உறைகளையும் வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் இருந்த வீரர்களுக்குத் தபால்தலை வேண்டாம், அதை ஒட்டும் இடத்தில் 'ஃப்ரீ' என்று கையால் எழுதினால் போதும். கீழே அனுப்புநர் முகவரியில் 'ஏபிஓ சான் பிரான்சிஸ்கோ' என்று ராணுவத் தபால் நிலையத்தின் ஒரு எண் இருக்கும். ஜூலைக் கடிதத்தில் படைப்பிரிவின் முகவரி, ஆகஸ்ட் கடைசிக் கடிதத்தில் மருத்துவமனை வார்டின் முகவரி, பக்கத்தில் தேதியோடு தபால் முத்திரை என்று இருந்தால் அதைவிட நல்ல சாட்சி எது? உள்ளே "அம்மா, கால் பரவாயில்லை" என்று ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது.

கூட இருந்தவர்களின் வாக்குமூலமும் செல்லும், ஆனால் "அவர் நல்ல வீரர்" என்பதால் பயனில்லை. தான் எங்கே நின்றார், என்ன பார்த்தார், யார் கட்டுப் போட்டது, யார் ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள் என்று தன் கண்ணால் கண்டதை மட்டும் எழுதி, உறுதிமொழியோடு கையெழுத்திட வேண்டும். டிவிஷன் சங்கங்களின் ஒன்றுகூடல் பட்டியல்களில் பழைய தோழர்கள் கிடைப்பார்கள். அவர்களுக்கும் எண்பது நெருங்குகிறது, இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு ராணுவ நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள், அவர்கள் மறுத்தால் டிடி 149 படிவத்தில் தரைப்படை ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போங்கள். பிழை தெரிந்த மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் நியாயம் கருதி அதைத் தளர்த்தும் அதிகாரமும் வாரியத்துக்கு இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடம் உண்டு, காலியாக விடாமல், கோப்பு எரிந்ததாக நம்பிவிட்டோம் என்ற உண்மையை எழுதுங்கள். வாரியம் விசாரணை அமைப்பு அல்ல, உங்களுக்காகப் போய்த் தேடாது. இருக்கும் ஆவணம் சரி என்றே தொடங்கும், தவறு என்று காட்டுவது நம் பொறுப்பு. முந்தைய தீர்ப்புகளைப் பெயர் நீக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பர்ப்பிள் ஹார்ட் கேட்டவை பத்தைப் படியுங்கள், எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்று பிடிபட்டுவிடும். முடிவுக்கு 18 மாதம்கூட ஆகலாம். மறுத்தாலும் புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடி கேட்கலாம்.

பணம் வாங்கிக்கொண்டு 214 எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். அமெரிக்கன் லீஜன், டிஏவி போன்ற முன்னாள் வீரர் அமைப்புகளில் பயிற்சி பெற்றவர்கள் இலவசமாகவே உதவுவார்கள். மூல 214-இல் பேனா படவே கூடாது. விட்டுப்போன பதக்கத்தைத் தாங்களே தட்டச்சு செய்து சேர்த்த தாள்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் கொடுக்கும் எதையும் யாரும் நம்புவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: மாமனாருக்குச் சர்க்கரை நோய் என்று கடிதத்தின் நடுவில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டாம் வகை என்றால் பதக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை வியட்நாம் மண்ணில் கால் வைத்தவர்களுக்கு அது போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லியால் வந்ததாகவே கருதி ஊனத் தொகை தருகிறார்கள். வியட்நாமில் இருந்தார் என்பதற்கு அவருடைய 214-இல் உள்ள சேவை விவரமும் டிஏ 20-உம் போதும். பர்ப்பிள் ஹார்ட் கிடைத்தால் நலத்துறை மருத்துவத்தில் முன்னுரிமை கூடும், அது தனி.

இந்த வாரமே மாமனாரோடு உட்கார்ந்து கம்பெனி எழுத்து, பட்டாலியன் எண், உடன் இருந்தவர்களின் பெயர், ஏன், பட்டப்பெயர்கூட, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆகஸ்ட் நாளைப் பற்றி அவராகப் பேசும்வரை அவசரப்படுத்த வேண்டாம். எஸ்எஃப் 180-இல் அவருடைய கையெழுத்தை மட்டும் அன்றே வாங்கிவிடுங்கள்.