மணல் வழக்கும் அமெரிக்கக் குடியேற்ற விசாவும்: காவேரிப்பட்டணத்துத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும். 2006 கோடையில், 20 வயதில், தென்பெண்ணை ஆற்றில் ராத்திரி டிராக்டருக்கு மணல் அள்ளிப் போடும் கூலி வேலைக்குப் போனீர்கள். போலீஸ் வந்தது. டிராக்டர்காரர் ஓடிவிட்டார், கூலிக்குப் போனவர்கள் மாட்டிக்கொண்டீர்கள். கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு அன்றே வீடு திரும்பினீர்கள். இப்போது அமெரிக்கக் குடியுரிமை பெற்ற உங்கள் மனைவி போட்ட மனு ஏற்கப்பட்டு, விசா படிவம் நிரப்பும் கட்டத்தில் இருக்கிறீர்கள். பாஸ்போர்ட் அலுவலகம் கொடுத்த போலீஸ் சான்றில் வழக்கு எதுவும் இல்லை. "கேஸ் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டுவிடு" என்கிறார் ஏஜெண்ட். மாமனார் வீட்டுக்கு இந்த விஷயமே தெரியாது.

'ஆம்' என்று எழுதுங்கள். அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. நான் வக்கீல் இல்லை. பாலக்கோட்டில் பிறந்து, டெக்சாஸில் குடியேறி, நம் பக்கத்து ஆட்களின் விண்ணப்பக் கட்டுகளை நெடுங்காலமாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

நீங்கள் நிரப்பும் குடியேற்ற விசா விண்ணப்பமான டி.எஸ்-260 படிவம் கேட்பது போலீஸ் சான்றில் என்ன இருக்கிறது என்பதை அல்ல. எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா, பிறகு மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல் என்று கேட்கிறது. அதில் எத்தனை வருடத்துக்குள் என்ற வரம்பு கிடையாது. நம் பாஸ்போர்ட் சட்டத்தின் கதை வேறு. தீர்ப்பாகி முடிந்த வழக்கு என்றால், கடந்த 5 ஆண்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றவர்களைப் பற்றித்தான் அங்கே கவலை. அதனால் பாஸ்போர்ட் படிவத்தில் நீங்கள் 'இல்லை' என்று எழுதியது சரி. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அதையே எழுதினால், அது பொய்.

பொய் சொல்லி விசா பெற முயன்றார் என்று முத்திரை விழுந்தால் அது வாழ்நாள் தடை. அதற்கும் ஒரு விலக்கு மனு உண்டு. ஆனால் நீங்கள் வராவிட்டால் உங்கள் மனைவி, அல்லது குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள பெற்றோர், கடும் இன்னலுக்கு ஆளாவார்கள் என்று நிரூபித்தாக வேண்டும். ஓர் இரவு மணல் அள்ளியதற்காக அந்தச் சுமையை ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? ஏஜெண்டுக்கு என்ன, பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

இனி உங்கள் வழக்கு. நம் ஊரில் பெட்டி கேஸ் என்று கைகழுவிவிடுகிறோம், கட்டிய அபராதத்தை வைத்து அளக்கிறோம். அமெரிக்கச் சட்டம் அப்படி அளப்பதில்லை. முதலில், விசாவைத் தடுக்கும் 'ஒழுக்கக்கேடான குற்றம்' என்ற வகையில் அது வருமா என்று பார்க்கிறது. வந்தாலும், ஒரே ஒரு குற்றம்தான், அந்தப் பிரிவுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச தண்டனை ஓராண்டைத் தாண்டாது, விதித்த சிறைத் தண்டனையும் 6 மாதத்தைத் தாண்டவில்லை என்றால், சிறு குற்றம் என்று விட்டுவிடுகிறது. உங்களுக்குச் சிக்கல் நடு நிபந்தனையில்தான். நீங்கள் ஒருநாள்கூடச் சிறைக்குப் போகவில்லை, உண்மை. ஆனால் மணல் வழக்கில் உங்கள்மேல் போட்டிருக்கக்கூடிய, அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 379, அதாவது திருட்டு, 3 ஆண்டுவரை தண்டனை தரக்கூடிய பிரிவு. திருட்டைப் பொதுவாக ஒழுக்கக்கேடான குற்றமாகத்தான் பார்ப்பார்கள். ஆக, அந்தச் சிறு குற்றச் சலுகை உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்குத் தனிச் சலுகை ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அப்போது 20.

என் தம்பிக்கும் ஒரு வழக்கு இருந்தது. பொங்கல் கழிந்து எருது விடும் விழாவில், காளையின் கொம்பில் கட்டிய தட்டியைப் பறித்தது யார் என்று தொடங்கிய தகராறு. 294(பி) (ஆபாசமாகத் திட்டியது), 323 (அடித்துக் காயப்படுத்தியது) என்று இரண்டு பிரிவு, அபராதம். மும்பைத் தூதரக அலுவலகத்தில் நேர்காணல். அதிகாரி தீர்ப்பு நகலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பிரிவு எண் இருந்த வரியில் விரல் வைத்துப் படித்தார். "அடித்தது கையாலா, ஆயுதத்தாலா?" என்று கேட்டார். "கையால்தான், அவரும் அடித்தார்" என்றான் இவன். எருது விடுவது என்றால் என்ன என்று ஒரு கேள்வி வந்தது. இவன் கொம்பையும் தட்டியையும் கையால் காட்டி விளக்கியிருக்கிறான். விசா கிடைத்தது. 323-க்கு உச்ச தண்டனை ஓராண்டு. வெறும் கைகலப்பு பெரும்பாலும் ஒழுக்கக்கேடான குற்ற வகையிலேயே வராது. நீங்களும் அவனும் அபராதம் கட்டியவர்கள்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவன் அடிதடி சின்னது, உங்கள் மணல் பெரியது. நியாயமா என்று கேட்டால் எனக்கும் ஆத்திரம்தான்.

மனம் தளர வேண்டாம். அப்போதெல்லாம் மணல் வழக்குகளில் போலீஸ் 379-ஐயும் கனிமச் சட்டத்தின் 21-ஆம் பிரிவையும் சேர்த்துப் போடுவது வழக்கமாக இருந்தது. நீதிமன்றம் உங்களை எந்தப் பிரிவில் தண்டித்தது என்பது உங்கள் நினைவில் இல்லை, தீர்ப்பில் இருக்கிறது. அனுமதியில்லாமல் கனிமம் எடுத்தது என்ற அளவில் மட்டும் முடிந்திருந்தால் வக்கீல் வாதாட நல்ல இடம் உண்டு. எனவே படிவத்தைத் தொடுவதற்கு முன் காகிதத்தைக் கையில் வாங்குங்கள். காவல் நிலையத்தில் குற்ற எண்ணையும் ஆண்டையும் கேளுங்கள். அதை வைத்து உள்ளூர் வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டு, முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு மூன்றுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். இவ்வளவு பழைய வழக்கை இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பழைய கட்டுகளை அழித்திருந்தால், அழிக்கப்பட்டது என்று நீதிமன்றமே எழுதித் தரும் சான்றை வாங்குங்கள். வெறும் கையோடு போய் "கிடைக்கவில்லை" என்று சொல்வது எடுபடாது. தமிழில் உள்ளதை எல்லாம் ஆங்கிலத்தில் பெயர்த்து, மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டுச் சான்றளிக்க வேண்டும்.

காகிதத்தில் 379 என்றே இருந்தாலும் வழி இருக்கிறது. குற்றம் நடந்து 15 ஆண்டுகள் தாண்டி, அதன்பின் திருந்தி ஒழுங்காக வாழ்கிறார் என்று காட்டினால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(எச்) பிரிவின்கீழ் விலக்குக் கேட்கலாம். இதற்கு மனைவியின் இன்னலை நிரூபிக்கத் தேவையில்லை. 2006 எப்போதோ அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. நேர்காணலில் அதிகாரி முதலில் விசாவை மறுப்பார்; பயப்படாதீர்கள், அதற்குப் பிறகுதான் விலக்குக் கேட்கும் ஐ-601 மனுவையே போட முடியும். ஓசூர் கம்பெனியில் இத்தனை வருடம் வேலை பார்த்த சான்று, வருமான வரிக் கணக்கு, உங்களை அறிந்தவர்களின் கடிதங்கள் எல்லாம் அங்கே பேசும். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம் என்பதால், இந்த மனுவுக்கு மட்டுமாவது அமெரிக்கக் குடியேற்ற வக்கீலுக்குச் செலவு செய்யுங்கள். பல மாதங்கள் ஆகும், ஒரு வருடம் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

இதற்கு முன் விசிட்டர் விசாவோ வேலை விசாவோ கேட்டு விண்ணப்பித்ததுண்டா? அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அந்தப் படிவத்திலும் இதே கேள்வி உண்டு, அதில் போட்ட பதில் அவர்கள் திரையில் இருக்கும். அன்று 'இல்லை' என்று போட்டிருந்தால், வக்கீலிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

கனடாவில் இருக்கும் நண்பர் "10 வருடம் ஆனால் தானாகவே தீர்ந்துவிடும்" என்றாராம். அது கனடாவின் சட்டம், அதிலும் எல்லாக் குற்றத்துக்கும் இல்லை. இங்கே தானாக எதுவும் தீராது. உங்களோடு மாட்டியவர்களில் யாருக்காவது குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு இருந்தால், அது விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் தலைகாட்டும். கஞ்சா வழக்கு என்றால் நான் மேலே சொன்ன சிறு குற்றச் சலுகை கிடையாது. ஒரே ஒரு முறை, 30 கிராமுக்குள், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததற்கு மட்டுமே விலக்குக் கேட்கலாம்.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள், இந்த வாரமே. மனுதாரர் அவர்; விசா மறுக்கப்பட்டது என்று அவருக்கு இன்னொருவர் வாயிலாகத் தெரியக்கூடாது. மாமனாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நம் ஆற்றங்கரை ஊர்களில் மணல் வழக்கு இல்லாத தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம். மாமனார் அப்படியொன்றும் மயங்கி விழ மாட்டார்.

நேர்காணல் தேதி வந்ததும் வேலையை ராஜினாமா செய்யலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். செய்யாதீர்கள். விலக்கு மனு நடக்கும் காலத்தில் சம்பளமும் வேண்டும், அந்த வேலைச் சான்றும் வேண்டும். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்த பிறகு நோட்டீஸ் கொடுத்தால் போதும். பயணத்துக்கு அதற்குப் பிறகும் அவகாசம் இருக்கும்.