பைப் கணக்கிலிருந்தே தொடங்குங்கள்

வணக்கம். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளையும் மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிட்டுப் போகிறார்கள், வகுப்பில் உயிரே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். அவர்களுக்குத் தெரிந்த கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு பம்பு, ஒரு பைப்லைன் கொடுங்கள். நீரோட்ட அளவும் உராய்வுக் கெழுவும் மாறாவிட்டால், உராய்வு இழப்பு (குழாய்ச் சுவரில் உரசுவதால் நீர் இழக்கும் ஆற்றல்; அதை ஈடுகட்டப் பம்புக்கு மின்சாரம் செலவாகும்) விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பு 32-ல் ஒரு பங்கு! ஆனால் பெரிய குழாய்க்கு உலோகம் அதிகம், முதல் செலவும் அதிகம். 20 வருட மின்கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். யார் குழாய் வாங்குகிறார், யார் கரண்ட் பில் கட்டுகிறார் என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள். சமூகப் பொறுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம் வங்கதேசக் குழாய்க்கிணறுகளை எடுங்கள். குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கைத் தடுக்க 1970-களில் நல்லெண்ணத்தோடு பரவலாகப் போடப்பட்டவை. அந்த நீரில் ஆர்சனிக் என்ற நச்சு இருப்பது 1993-ல்தான் தெரியவந்தது. பிறகு கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். வீட்டுப் பம்பு சிவப்பானால் அந்தக் குடும்பம் தண்ணீருக்கு எங்கே போகும்? இதை ஒரு முழு வகுப்பு விவாதிக்க விடுங்கள், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

தேர்விலும் 'வரையறு' கேள்விகளைக் குறைத்துவிடுங்கள். ஒரு வடிவமைப்பைக் கொடுத்து, இதனால் யாருக்குப் பாதிப்பு, அவர்களிடம் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.